வழுக்கையாற்றை ஆழமாக வெட்டி நேராக்கினால் என்ன?

வாசகர் கேள்வி, ஒக்டோபர் 4

ஒவ்வொரு மாரிக்கும் யாழ்ப்பாணக் குடாநாட்டில் சண்டிலிப்பாய், நவாலி, வட்டுக்கோட்டைப் பக்கம் வெள்ளம் நிற்கிறது. வழுக்கையாறு என்று ஒன்று இருக்கிறது, வருசத்தில் முக்கால்வாசி நாள் காய்ந்து கிடக்கிறது. அதை நல்ல ஆழமாக வெட்டி, வளைவுகளை நேராக்கி, இரண்டு பக்கமும் கொங்கிறீற் போட்டால் வெள்ளம் ஒரே நாளில் கடலுக்குப் போய்விடும். இதை ஏன் ஒருவரும் செய்யவில்லை?

ஒக்டோபர் 4, இரவு

செய்யக்கூடாது என்பதுதான் என் பதில். இந்த ஆறு எந்த நிலத்தில் ஓடுகிறது என்று பார்த்தால் ஏன் என்று விளங்கும்.

தெல்லிப்பழை, அளவெட்டிப் பக்கத்து மேட்டில் விழுகிற மழைதான் இதற்குத் தொடக்கம். அங்கே மலையும் இல்லை, வற்றாத ஊற்றும் இல்லை. கந்தரோடை, சங்குவேலி, சண்டிலிப்பாய், நவாலி, வட்டுக்கோட்டை என்று வயலையும் குளத்தையும் தொட்டுத் தொட்டு வந்து அராலியில் கடல்நீரேரிக்குள் விழுகிறது. நீளம் சுமார் 16 கிலோமீற்றர். தொடங்குகிற மேடு கடல்மட்டத்திலிருந்து பத்து மீற்றரைச் சுற்றித்தான். அப்படியென்றால் ஒரு கிலோமீற்றருக்கு இறக்கம் வெறும் இரண்டு அடி. இந்தச் சரிவில் தண்ணீர் பாயாது, நகரும். நகருகிறபோது நிலத்துக்குள் இறங்கும். எங்களுக்கு வேண்டியது அப்படி நிலத்துக்குள் இறங்குவதுதான்.

மேலே செம்மண், கீழே மிகப் பழைய, மயோசின் காலத்துச் சுண்ணாம்புக்கல். கல் முழுக்க வெடிப்பும் பொந்தும். மழை அதற்குள் போய்த் தங்குகிறது. நாங்கள் குடித்து வளர்ந்ததும், வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் இறைத்ததும் அந்தத் தண்ணீர். வருசத்துக்கு 1,250 மில்லிமீற்றர் அளவில் மழை பெய்கிறது, அதில் பெரும்பகுதி ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை. மூன்று மாதத்தில் வந்ததை வைத்து மீதி ஒன்பது மாதத்தைக் கழிக்கவேண்டும். அதைக் கொங்கிறீற் கானுக்குள் விட்டு ஒரே நாளில் கடலுக்கு அனுப்பிவிட்டுச் சித்திரையில் எதை இறைப்பது?

ஒக்டோபர் 5

நேற்று எழுதியதில் ஒன்று விட்டுப்போனது. நிலத்துக்குக் கீழே இருக்கிற நல்ல தண்ணீருக்கு அடியில் கல் மட்டும் இல்லை, உப்புத்தண்ணீரும் இருக்கிறது. எண்ணெய் தண்ணீரில் மிதக்கிற மாதிரி நல்ல தண்ணீர் உப்புத்தண்ணீருக்கு மேல் மிதந்துகொண்டிருக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் ஒரு அடி நல்ல தண்ணீர் நின்றால், கீழே ஏறக்குறைய நாற்பது அடிக்கு உப்பைத் தள்ளிவைக்கும். நீரியல் படித்தவர்கள் சொல்கிற கைபன்–ஹெர்ஸ்பேர்க் விதி இதுதான். வெடிப்புள்ள கல்லில் கணக்கு இவ்வளவு சுத்தமாக வராது, ஆனால் போக்கு அதேதான். தலைகீழாகவும் பாருங்கள்: மேலே ஒரு அடியை இழந்தால் கீழே நாற்பது அடியை இழக்கிறோம்.

குடாநாட்டில் உள்ள நிலாவரைக் கிணறு இதைக் கண்ணால் காட்டுகிறது. மேலே நல்ல தண்ணீர், ஆழம் போகப் போக உப்பு.

ஆழமாக வெட்டுவது ஏன் ஆபத்து என்பது இங்கேதான் வருகிறது. மாரி முற்றிய காலத்தில் எங்கள் பக்கத்துத் தோட்டக்கிணறுகளில் தண்ணீர் கையெட்டும் தூரத்துக்கு வந்துவிடும். அந்த மட்டத்துக்குக் கீழே ஆற்றின் அடியை இறக்கிவிட்டால் மழைவெள்ளம் மட்டும் கடலுக்குப் போகாது, இரண்டு பக்கத்துக் கிணற்றுத் தண்ணீரும் கசிந்து ஆற்றுக்குள் வந்து சேர்ந்து போகும். ஊருக்கு நடுவே ஒரு வடிகாலை நாங்களே வெட்டிக் கொடுத்ததாக முடியும்.

ஒக்டோபர் 9

அராலியிலிருந்து ஒரு அக்கா எழுதியிருக்கிறார். "மேலே இருக்கிற ஆட்கள் தண்ணியை மறியுங்கோ மறியுங்கோ என்று சொல்லுறியள். கடைசியில் எல்லாம் எங்கட வயலுக்குள்ளதான் வந்து நிக்குது. விதைச்சு முளைச்ச நெல்லு ஒரு கிழமை தண்ணிக்குள்ள கிடந்தா என்ன ஆகும்?"

அவர் கேட்பது முழுக்க நியாயம். அராலியில் கடல்நீர் உள்ளே வராமல் ஒரு தடுப்பணை இருக்கிறது. கதவைத் திறந்தால் வெள்ளம் வடியும், மூடினால் நல்ல தண்ணீர் நிற்கும், நேரம் தப்பித் திறந்து வைத்திருந்தால் கடல்நீர் ஏறும். இங்கே கடலேற்றம் ஒரு மீற்றருக்கும் குறைவுதான், ஆனால் கிலோமீற்றருக்கு இரண்டு அடி சரிகிற நிலத்துக்கு அது பெரிய உயரம். ஆற்றின் கடைசிப் பகுதியில் அடியைத் தோண்டிக் கடல்மட்டத்துக்குக் கீழே கொண்டுபோனால், வெள்ளம் வடிய வெட்டிய அதே பாதை பங்குனி சித்திரையில் உப்புக்கு வழிவிடும். வெட்டச் சொல்கிறவர்கள் முதலில் அராலி வயற்காரரிடம் போய்ப் பேசவேண்டும்.

மேலே மறிப்பது அராலிக்கு எதிரான காரியம் என்று நான் நினைக்கவில்லை. மேலே உள்ள குளங்கள் நிறைந்து நிறைந்து, மிஞ்சியது வான் வழியாகப் பாய்ந்தால் தண்ணீர் நாலைந்து நாளாகப் பிரிந்து கீழே வரும். மேலே குளமெல்லாம் மண் மூடிக் கிடந்தால் அவ்வளவும் ஒரே இரவில் வரும். அக்காவின் வயலை மூழ்கடிப்பது இரண்டாவதுதான்.

ஒக்டோபர் 10

முதலை இருக்கிறதா என்று ஒரு தம்பி கேட்டிருக்கிறார். நான் கண்டதில்லை. விரால் உண்டு. காய்ந்து கிடந்த ஆற்றில் முதல் வெள்ளத்தோடு விரால் எங்கிருந்து வருகிறது என்று சின்ன வயதில் எங்களுக்குள் பெரிய சண்டையே நடக்கும். மழையோடு வானத்திலிருந்து விழுகிறது என்பது என் கட்சி. விராலுக்குக் காற்றைச் சுவாசிக்கத் தெரியும். குளத்தில் தண்ணீர் வற்றும்போது ஈரச் சேற்றுக்குள் இருந்து காலத்தைக் கடத்திவிடும். குளம் ஆற்றோடு தொடுத்ததும் வெளியே வருகிறது. குளத்தைத் தூர்த்து மதில் கட்டினால் விராலுக்கும் கோடை கழிக்க இடமில்லை.

ஒக்டோபர் 19

நேற்றிரவு நல்ல மழை. காலையில் சைக்கிளில் சங்குவேலியிலிருந்து கந்தரோடைப் பக்கம் ஆற்றோரமாகப் போனேன்.

வயலில் புழுதி விதைப்பாக விதைத்த நெல் விரலளவு எழும்பி நிற்கிறது. ஒழுங்கை முடிகிற இடத்தில் ஒரு மதகு, றோட்டுக்குக் கீழே தண்ணீர் போகிற இரண்டு குழாய். மேற்பக்கம் தண்ணீர் செம்மண் கலந்து கலங்கி, மேலே பனங்கொட்டையும் பிளாஸ்ரிக் போத்தலும் சுற்றிக்கொண்டு நின்றது. கீழ்ப்பக்கம் போய்ப் பார்த்தால் குழாயிலிருந்து ஒரு சாண் தண்ணீர்தான் விழுகிறது. ஒரு குழாய் முழுக்கக் குப்பை அடைத்துவிட்டது, மற்றதற்குள் பாதிக்கு மேல் மண். மதகுக்கு மேலே றோட்டைக் காப்பெற் போட்டு உயர்த்தியிருக்கிறார்கள், குழாயின் அளவு பழையதுதான். மேற்பக்கத்து வயலில் தண்ணீர் முழங்காலளவு, கீழ்ப்பக்கத்தில் கணுக்கால் நனையவில்லை. இந்த இடத்து வெள்ளத்துக்கும் ஆற்றின் ஆழத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

கேள்வி கேட்டவர் தன் வீட்டுப் பக்கத்து மதகை ஒருமுறை இப்படி இரண்டு பக்கமும் இறங்கிப் பார்க்கவேண்டும். மழை பெய்துகொண்டிருக்கும்போதே பார்க்கவேண்டும். பிறகு பார்த்தால் ஒன்றும் தெரியாது.

ஒக்டோபர் 20

இன்னொன்று. அதே பாதையில் வயலை நிரப்பிக் கட்டிய புது வீடுகள் கனக்க. நாலு பக்கமும் மதில், மதிலுக்குக் கீழே ஒரு துவாரம்கூட இல்லை. முன்பு வேலி. கிடுகோ பனையோலையோ, கிளுவைக் கதியாலோ, எதுவானாலும் தண்ணீர் ஊடறுத்துப் போகும். இப்போது மதிலில் முட்டி அடுத்த வளவுக்குத் திரும்புகிறது. அந்த வளவுக்காரர் மண் போட்டு உயர்த்துகிறார். தண்ணீர் அதற்கடுத்தவரிடம் போகிறது. கடைசியில் உயர்த்த வசதியில்லாதவரின் வீட்டுக்குள் நுழைகிறது.

கட்டினவர்களைத் திட்டி எழுதவில்லை. இடம்பெயர்ந்து அலைந்தவர்களுக்கு மலிவாகக் கிடைத்தது வயற்காணிதான். ஆனால் அனுமதி கொடுக்கிற இடத்தில் தண்ணீர் எந்த வழியால் போகும் என்று ஒரு வரைபடத்தையாவது விரித்துப் பார்த்திருக்கலாம்.

நவம்பர் 2

குளங்களைப் பற்றிச் சொல்வதாக இருந்தேன். வழுக்கையாற்றை ஒரு கோடாகக் கீறிப் பார்த்தால் தவறிவிடுவோம். அது ஒரு குளத்தொடர். ஊருக்கு ஊர் சின்னதும் பெரிதுமாகக் குளங்கள். மேட்டுக்குளம் நிறைந்து வான் பாய்ந்தால் வயல், வயல் நிறைந்தால் அடுத்த குளம், அப்புறம்தான் ஆறு. பல இடங்களில் ஆறு எது, வயல் வாய்க்கால் எது என்று மாரியில் பிரித்தே பார்க்கமுடியாது. வளைவுகள் எல்லாம் வந்ததும் இப்படித்தான்: தண்ணீர் ஒவ்வொரு தாழ்வையும் நிரப்பிவிட்டு அடுத்ததைத் தேடிப் போயிருக்கிறது.

கந்தரோடைக் குளத்தைச் சுற்றியுள்ள குடியிருப்பு குடாநாட்டின் மிகப் பழைய குடியிருப்புகளில் ஒன்று. 1970இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழக அருங்காட்சியகக் குழு வந்து அகழ்ந்தபோது பெருங்கற்கால மட்பாண்டங்கள் கிடைத்தன. ஒரு பக்கம் தோட்டம் செய்யச் செம்மண், மற்றப் பக்கம் நெல்லுக்குத் தாழ்ந்த நிலம், நடுவில் குளம். அந்த ஆட்கள் ஏன் அங்கே இருந்தார்கள் என்று எனக்கு ஆச்சரியமே இல்லை.

நவம்பர் 3

குளத்தைத் தூர்வார வேண்டுமா என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். வேண்டும். ஆற்றை ஆழமாக்காதே என்கிறேன், குளத்தைத் தொடாதே என்று சொல்லவில்லை. வருசம் வருசமாக வந்து படிந்த நுண்ணிய வண்டல் அடியை அடைத்துவிடுகிறது, தண்ணீர் இறங்காமல் வெயிலில் ஆவியாகிறது. அந்த வண்டலை எடுத்துத் தோட்டத்துக்குப் போடுவது பழைய வழக்கம். குளத்துக்கும் நல்லது, மண்ணுக்கும் நல்லது. கல் வெளியே தெரியும் மட்டும் இயந்திரத்தால் சுரண்டுவது வேறு விசயம். அப்படிச் செய்தால் வடிகட்ட மண்ணே இல்லாமல் றோட்டுக் கழுவிய தண்ணீர் நேரே கிணற்றுக்குப் போகும். சுன்னாகப் பக்கத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்த பிரச்சினையை எல்லோரும் பார்த்தோம். இந்தக் கல்லுக்குள் ஒன்று போய்விட்டால் அதைத் திருப்பி எடுப்பது லேசில்லை.

நவம்பர் 28

மூன்று நாளாக விடாத மழை. கேள்வி கேட்டவர் கோபமாக எழுதியிருக்கிறார்: "வீட்டுக்குள் தண்ணி வந்தவனிடம் கிணற்றுத் தண்ணியைப் பற்றிப் பேசாதேங்கோ."

சரி. உங்கள் வீட்டில் பிள்ளைகளும் வயதானவர்களும் இருக்கிறார்கள், கட்டிலைக் கல்லில் உயர்த்தி வைத்திருக்கிறீர்கள், மலசலகூடக் குழி நிரம்பிவிட்டது. எனக்குத் தெரியும். 2008 நவம்பரில் நிஷாப் புயல் மழையில் நாங்களும் பள்ளிக்கூட வகுப்பறையில் படுத்தவர்கள்தான். 2024 நவம்பரிலும் குடாநாட்டில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அப்படி இருந்தன.

அதனால்தான் மதகைப் பற்றியும் மதிலைப் பற்றியும் திருப்பித் திருப்பி எழுதுகிறேன். உங்கள் வீட்டிலிருந்து ஆறு வரைக்கும் தண்ணீர் போக வழி வேண்டும். அந்த வழி அடைபட்டிருக்கிறது. அதைத் திறப்பதற்கு ஆற்றைக் கொல்லத் தேவையில்லை. புயல்மழை அளவுக்கு ஆற்றை வெட்டவேண்டுமென்றால் எத்தனை பரப்பு வயலை விழுங்கவேண்டும் என்று யோசியுங்கள். அப்படி வெட்டினாலும் அராலியில் கடல் உயர்ந்து நிற்கிற நேரம் தண்ணீர் வெளியே போகாது. காற்று கடலைக் கரைக்குத் தள்ளுகிற புயல் நாளில் அது இன்னும் மோசம்.

டிசம்பர் 12

வெள்ளம் வடிந்துவிட்டது. எழுத நேரம் கிடைத்திருக்கிறது.

1995 ஒக்டோபர் 30 இரவு போரினால் எங்கள் வலிகாமப் பகுதி முழுக்க எழும்பிக் கிழக்கே தென்மராட்சிக்குப் போனது இங்கே பலருக்கு நினைவிருக்கும். மழையில் நடந்தோம். அடுத்த சித்திரையில் திரும்பி வந்தபோது வளவெல்லாம் பற்றை, கூரையில் ஓடு இல்லை. அப்பா வீட்டுக்குள் போகவில்லை, முதலில் கிணற்றடிக்குத்தான் போனார். எங்கள் தோட்டக்கிணற்றின் உட்சுவரில் அடிக்கு ஒன்றாகக் கல்லில் கொத்திய அடையாளங்கள் இருந்தன, பாட்டா காலத்துத் துலாவோடு வந்தவை. சித்திரையில் வழக்கமாகத் தண்ணீர் நிற்கிற அடையாளத்துக்கு மேலே இரண்டு அடையாளம் மூழ்கியிருந்தது. ஒரு போகம் முழுக்க இறைக்க ஆள் இல்லை, அவ்வளவுதான். அப்பா கிணற்றுக்கட்டில் குந்தியிருந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த இரண்டு அடிதான் எனக்கு நிலத்தடி நீர் பற்றிய முதல் பாடம். விழுகிற மழை பாதி, நாங்கள் எடுக்கிற அளவு பாதி.

வலிகாமம் வடக்கில் கதை இன்னும் நீளம். 1990இல் போனவர்கள் பலர் இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயம் கட்டம் கட்டமாக விடுபட்டபிறகு, 2009க்குப் பின்னால்தான் காணியைக் கண்டார்கள். ஆற்றின் தலைப்பக்கம் அங்கேதான். இருபது வருசத்துக்கு மேல் பார்க்க ஆளில்லாத வாய்க்காலும் குளக்கட்டும் என்ன நிலையில் இருந்திருக்கும்? கீழே வெள்ளம் என்று பேசுகிற நாங்கள் அந்த மேட்டையும் ஒருமுறை போய்ப் பார்க்கவேண்டும்.

டிசம்பர் 14

எஸ். ஆறுமுகத்தின் "யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு" திட்டத்தை ஒரு ஐயா இழுத்திருக்கிறார். நீர்ப்பாசனப் பொறியியலாளரான ஆறுமுகம் நினைத்தது பெரிய காரியம்: கனகராயன் ஆறு வந்து விழுகிற ஆனையிறவு நீரேரியை நன்னீராக்கி, அங்கிருந்து வாய்க்கால் வெட்டி வடமராட்சி நீரேரிக்கும் உப்பாற்றுக்கும் கொண்டுவருவது. எனக்கு அந்தத் திட்டத்தின் மீது மிகுந்த மதிப்பு. அதன் அடிப்படையும் இதேதான், கடலுக்கு ஓடுகிறதை மறித்து நிலத்துக்குள் இறங்க விடுவது. அங்கே நீரேரி அளவில், இங்கே குளமும் வயலும் அளவில். பெரியது வரும்வரை சின்னதைக் கைவிடுவது சரியில்லை.

தாளையடியில் கடல்நீரைச் சுத்திகரித்துத் தருகிற குழாய்த்தண்ணீர் வந்துவிட்டதே என்றும் அந்த ஐயா கேட்டிருந்தார். வந்தது நல்லது. குடிக்கலாம். அதை விட்டு வெங்காயம் செய்ய முடியுமா?

ஜனவரி 11

எனக்கே எழுந்த ஒரு சந்தேகம். தண்ணீரை மெதுவாக இறங்க விடு, இறங்க விடு என்கிறேன். எந்தத் தண்ணீரை? வலிகாமத்துத் தோட்டக்கிணறுகளில் நைத்திரேற்று பல இடங்களில் உலக சுகாதார நிறுவனம் சொல்கிற லீற்றருக்கு 50 மில்லிகிராம் எல்லையைத் தாண்டியிருக்கிறது என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டுகின்றன. வெங்காயத்துக்கு அள்ளிப் போடுகிற யூரியாவும், நெருக்கமான வளவுகளில் கிணற்றுக்குப் பக்கத்திலேயே இருக்கிற மலசலகூடக் குழிகளும் காரணம். மழை இறங்கும்போது அதையும் கழுவிக்கொண்டுதான் இறங்குகிறது.

யோசித்துப் பார்த்ததில், இது தண்ணீரைக் கடலுக்கு அனுப்புவதற்குக் காரணமாகாது. நல்ல மழைத்தண்ணீர் குறைந்தால் இருக்கிறதில் நைத்திரேற்று இன்னும் செறிவாகும். ஆனால் குளத்தில் மறித்து இறக்கினால் போதும் என்று நான் இதுவரை எழுதியது பாதிதான். உரத்தையும் குழியையும் விட்டுவிட்டு ஆற்றைப் பற்றி மட்டும் பேசமுடியாது. குழந்தைக்குப் பால்மா கரைக்கிற வீடுகள் கிணற்றுத் தண்ணீரை ஒருமுறை சோதித்துக்கொள்ளுங்கள். கொதிக்க வைத்தால் நைத்திரேற்று போகாது, தண்ணீர் வற்ற வற்றக் கூடத்தான் செய்யும்.

ஜனவரி 25

அராலி அக்கா எழுதியிருக்கிறார்: தண்ணீர் வடிந்தபிறகு பாதிக்கு மேல் நெல் தப்பிவிட்டது, அடுத்த கிழமை அறுவடை. தடுப்பணைக் கதவு எப்போது மூடப்படுகிறது என்று ஊரில் யாருக்கும் முன்கூட்டித் தெரிவதில்லை என்கிறார். கதவைத் திறக்கிற, மூடுகிற நாளை வயற்காரரும் மேலூர்த் தோட்டக்காரரும் சேர்ந்து இருந்து முடிவெடுக்க ஒரு வழி வேண்டும். இரண்டு பகுதியும் ஒரே ஆற்றுக்காரர் என்றாலும் ஒரு கூட்டத்திலும் ஒன்றாக இருந்து நான் கண்டதில்லை.

பெப்ரவரி 8

கேள்வி கேட்டவர் திரும்ப வந்து, கோபமில்லாமல், "அப்ப என்னதான் கேக்கிறது?" என்கிறார். தங்கள் ஊர் அபிவிருத்திக் கூட்டம் வருகிறதாம்.

மதகுகளைக் கேளுங்கள். ஆவணிக்கு முன் துப்புரவு, றோட்டை உயர்த்தினால் குழாயும் பெரிதாகவேண்டும். குளங்களில் வண்டல் எடுக்கக் கேளுங்கள், பங்குனியிலிருந்து ஆடி வரைக்கும்தான் அதற்கு நேரம். மழை தொடங்கியபிறகு இயந்திரம் வந்தால் குளக்கட்டை உடைத்துவிட்டுத்தான் போகும். வாய்க்காலை மறித்த மதில்களுக்குக் கீழே வழிவிடச் சொல்லுங்கள். இதில்தான் சண்டை வரும், வரட்டும். ஆற்றில் செடியும் குப்பையும் அகற்றலாம். அடியைத் தோண்டவும் வளைவை நிமிர்த்தவும் யாராவது மதிப்பீட்டோடு வந்தால், அராலியில் கடல்மட்டம் என்ன, உங்கள் ஊரில் ஆற்றின் அடிமட்டம் என்ன என்று இரண்டு இலக்கத்தைக் கேளுங்கள். அதைச் சொல்லாமல் ஒரு கூடை மண்ணும் எடுக்கவிடாதேங்கோ.

பெப்ரவரி 9

கிணற்று மட்டத்தை எப்படிக் குறிப்பது என்று கேட்ட தங்கைக்கு: கிணற்றுக்கட்டில் ஒரு இடத்தைப் பெயின்ரால் அடையாளம் வையுங்கள். எப்போதும் அங்கிருந்தே அளவுநாடாவை இறக்குங்கள். காலையில் மோட்டர் போட முதல் அளக்கவேண்டும், இறைத்தபிறகு அளந்தால் பிழை. மாதத்தில் ஒரே திகதியில் அளந்து கொப்பியில் எழுதினால் போதும். பக்கத்து வீட்டிலும் ஒருவரைப் பிடித்துக்கொள்ளுங்கள்.